தீப்பெட்டிக்குள் ஒரு தீயணைப்பு வண்டி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளின் மாண்பையும் கம்பனின் கவிநயத்தையும் பேசுவது நம் மரபு. அவற்றைப் பேச வல்ல அறிஞர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். எங்களுக்கு இடப்பட்ட கட்டளையோ வேறு. "உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் செந்நிற வண்டிகள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் செயலாளர். ஆகவே பொம்மைத் தீயணைப்பு வண்டிகளைச் சேர்ப்பது பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம். வளர்ந்தவர்கள் பொம்மை சேர்ப்பதா என்று சிலர் நகைக்கலாம். நகைத்த பிறகு சிறிது செவி சாய்க்குமாறு வேண்டுகிறோம்.

பொம்மை சேர்ப்பது நமக்குப் புதிதன்று. நவராத்திரி வந்தால் நம் இல்லந்தோறும் கொலுப் படிகள் எழுகின்றன. ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் புதிதாக வாங்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் வகுத்த விதி. மரப்பாச்சியும் செட்டியாரும் தஞ்சையிலிருந்தும் குடந்தையிலிருந்தும் நம்மோடு இரயிலேறி வந்தவர்கள். கிருஷ்ணநகரத்து மண்பொம்மைகளோ இந்த வங்க மண்ணில் நம்மோடு உறவு கொண்டவை. படிகளுக்குக் கீழே பூங்காவும் தெருவும் கடையும் கோயிற்குளமும் அமைக்கிறோம். பெரிய உலகத்தைச் சிறிதாக்கிக் கண்முன் நிறுத்தும் கலை இது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரையின்றி உருட்டிய முக்காற் சிறுதேரைக் காட்டுகிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டல் தனியொரு பருவம். வடமொழியில் சூத்ரகர் இயற்றிய நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கியபோது அதற்கு 'மண்ணியல் சிறுதேர்' என்றே பெயரிட்டார். குழந்தையின் கைவண்டியைச் சிறுபொருள் என்று நம் முன்னோர் ஒதுக்கியதில்லை என்பதற்கு இவை போதும்.

இனி, விளையாட்டு வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்ல வேண்டும். சக்கரம் நான்கும் செந்நிறமும் இருந்தால் குழந்தைக்கு அது தீயணைப்பு வண்டி. மாதிரி வண்டிக்கு அது போதாது. அதற்கு அளவு வேண்டும். உண்மை வண்டியின் நீளம், அகலம், உயரம், சக்கரம், ஏணி ஆகிய எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும். 43-இல் ஒரு பங்கு, 50-இல் ஒரு பங்கு, 64-இல் ஒரு பங்கு என்று இவ்விகிதங்கள் வழங்குகின்றன. பொம்மை இரயிலோடு வைப்பதற்கு 87-இல் ஒரு பங்காகச் செய்வதும் உண்டு. எட்டு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள வண்டியை 50-இல் ஒரு பங்காக்கினால் பதினாறு சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரை முடிவதற்குள் அது மீண்டும் வரும்.

இக்கலை பெருந்தொழிலானது இங்கிலாந்தில். லிவர்ப்பூல் நகரத்து பிராங்க் ஆர்ன்பி என்பார் 1901-ஆம் ஆண்டில் துளையிட்ட இரும்புப் பட்டைகளால் பொறிகள் கட்டும் விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தின் சிறு வண்டிகளுக்கு 1934-இல் டிங்கி டாய்ஸ் என்ற பெயர் வந்தது. துத்தநாகத்தோடு அலுமினியம் முதலியன சேர்ந்த கலவையை நானூறு பாகை வெப்பத்தில் உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சி, நொடியில் குளிரச் செய்து எடுப்பது இத்தொழிலின் முறை. ஏணி நீளும் காமர் தீயணைப்பு வண்டியை டிங்கி 1952-இல் வெளியிட்டது. இன்றும் சேகரிப்போர் தேடுகின்ற வண்டிகளுள் அதுவும் ஒன்று.

அடுத்து வந்தது மேட்ச்பாக்ஸ், அதாவது தீப்பெட்டி. இலண்டனில் 1947-இல் தோன்றிய லெஸ்னி நிறுவனத்தில் ஜாக் ஓடெல் என்னும் பொறியாளர் இருந்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டு வரலாம் என்பது அவர் மகள் படித்த பள்ளியின் விதியாம். அவர் சிறியதொரு சாலையுருளையைப் பித்தளையில் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மற்றக் குழந்தைகளும் கேட்டார்கள். 1953-இல் அவ்வரிசை வணிகத்துக்கு வந்தது. அதன் ஒன்பதாம் எண் டென்னிஸ் தீயணைப்பு வண்டி. நெருப்பை உண்டாக்கும் பொருளின் பெயர் தாங்கிய பெட்டிக்குள்ளிருந்து நெருப்பை அணைக்கும் வண்டி புறப்பட்டது!

தீப்பெட்டி என்றதும் தமிழர் நெஞ்சில் சிவகாசி தோன்றும். சிவகாசிக்கும் நாம் வாழும் இந்நகருக்கும் உள்ள உறவை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-இல் கல்கத்தா வந்து, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, ஊர் திரும்பிச் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினார்கள். வறண்ட ஊருக்கு வாழ்வளித்த தொழில் இந்த ஊரிலிருந்து சென்றது. நாம் பிழைப்பைத் தேடி இங்கு வந்தோம்; அவர்கள் பிழைப்பைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

வண்டிகளும் அவ்வாறே இந்நகருக்கு வந்தன. 1960-களின் இறுதியில், டிங்கி வண்டிகளை வார்த்து ஓய்ந்த எஃகு அச்சுகள் சில லிவர்ப்பூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. எஸ். குமார் அண்டு கம்பெனி அவற்றைக் கொண்டு நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகள் வார்த்தது. ஜாகுவார், பென்ட்லி, மெர்சிடிஸ் ஆகியன கல்கத்தாவில் பிறந்தன. சிலவற்றின் அடிப்பகுதியில் பழைய பெயரைச் சுரண்டிய தடம் தெரியும். வண்ணம் சற்றே தடிப்பு; ஓரங்களில் பிசிறு. ஆயினும் இன்று கடல் கடந்த சேகரிப்போர் இந்தக் கல்கத்தா வண்டிகளைப் பெரிதும் விரும்பி வாங்குகிறார்கள். மில்டன் என்ற பெயரிலும் இந்நகரத்தில் வண்டிகள் வார்க்கப்பட்டன. லிவர்ப்பூல் ஆலை 1979-இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இல் நொடித்து, அதன் பெயர் கை மாறி, 1997 முதல் அமெரிக்க மேட்டல் நிறுவனத்திடம் உள்ளது. ஆலைகள் போயின, அவை வார்த்த வண்டிகள் அலமாரிகளில் நிற்கின்றன.

சேகரிக்க விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டொரு சொல். எண்ணிக்கையை நோக்காதீர்கள், பன்னிரண்டு நல்ல வண்டிகள் ஓர் ஆயுளுக்குப் போதும். பம்பு வண்டி ஒன்று, சுழலேணி வண்டி ஒன்று, நீர் சுமக்கும் வண்டி ஒன்று என்று வகைக்கு ஒன்றாகத் தொடங்குங்கள். எங்கு, எப்போது, என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை ஓர் ஏட்டில் எழுதுங்கள். பெட்டியை எறியாதீர்கள். வங்கத்து மழைக்காலத்தை மறவாதீர்கள்: வார்க்கும்போது ஈயம் கலந்து மாசுபட்ட துத்தநாகக் கலவை ஈரத்திலும் வெப்பத்திலும் உள்ளிருந்தே வெடித்து உதிரும். போருக்கு முற்பட்ட டிங்கி வண்டிகள் பல இந்நோயால் மாண்டன. உலர்ந்த அலமாரியும் மெல்லிய பருத்தித் துணியும் இருந்தால் போதும். எல்லாவற்றிலும் முதன்மையாக, ஒரே விகிதத்தைப் பற்றி நில்லுங்கள். மேட்ச்பாக்ஸ் வண்டிகள் அழகியவை. ஆனால் அவை பெட்டிக்கு ஏற்பக் குறைக்கப்பட்டவை. அங்கே காரும் தீயணைப்பு வண்டியும் ஏறத்தாழ ஒரே நீளம். உண்மையின் அளவுக்கு ஏற்பக் குறைந்த வண்டியே நமக்கு ஆசானாகும்.

அவ்வண்டி என்ன கற்பிக்கும்? எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மின்மானிப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. யாரோ 101-க்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். 'தொம்கொல்' என்று வங்க மக்கள் வழங்கும் அந்தச் செந்நிற வண்டி விரைந்து வந்தது. சங்கொலி கேட்டு எங்கள் மகன் மாடி முகப்புக்கு ஓடினான். வண்டி சந்தின் முனைவரை வந்தது, உள்ளே வரவில்லை. வீரர்கள் இறங்கி, குழாயைத் தோளில் சுமந்து, எங்கள் வாயில்வரை ஓடி வந்து தீயை அணைத்தார்கள். எவருக்கும் தீங்கில்லை, சுவர் மட்டும் கரிந்தது. அன்றிரவு பையன் கேட்டான்: "அப்பா, வண்டி ஏன் உள்ளே வரவில்லை?" சந்து குறுகியது என்று சொல்லித் தூங்க வைத்தோம்.

அவன் அந்த விடையை ஏற்கவில்லை. மறுநாள் தையல் நாடாவை எடுத்துச் சென்று சந்தை அளந்தான். அகலம் நான்கு மீட்டர். அவ்வாண்டுக் கொலுவில் படிகளுக்குக் கீழே பூங்காவுக்குப் பதிலாக எங்கள் சந்தையே அமைக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தான். அவன் பாட்டி கோலமாவை எடுத்து, அவன் சொன்ன கணக்குப்படியே எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இழுத்தார். 50-இல் ஒரு பங்கான தீயணைப்பு வண்டியை அதில் விட்டான். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வண்டி எட்டு சென்டிமீட்டர் வழியில் இடர்ப்பாடின்றி உருண்டது. சந்து குறுகியது என்று நாங்கள் சொன்னது பொய்யாயிற்று.

பின்னர், சந்தில் நிற்கும் ஸ்கூட்டர்களைக் களிமண்ணால் செய்தான். நீளம் மூன்றரை சென்டிமீட்டர். அவை நிற்கும் வண்ணமே சுவரோரம் சாய்வாக நிறுத்தினான். மூன்று சென்டிமீட்டர் வழியை அவை விழுங்கின. மீதி ஐந்து. ஐந்து சென்டிமீட்டர் வண்டி ஐந்து சென்டிமீட்டர் வழியில் எப்படிப் போகும்? முதல் ஸ்கூட்டரில் முட்டி நின்றது. "இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் நம் வாசல்வரை வந்துவிடும், பாட்டி" என்றான். அவன் விரல் வைத்துக் காட்டிய ஸ்கூட்டர் எங்களுடையது.

அவையோரே, அந்தக் கணத்தில் எங்களுக்கு ஏற்பட்ட நாணத்தை எவ்வாறு சொல்வோம்! ஆண்டுக்கணக்கில் தீயணைப்பு வண்டிகளைத் தேடித் தேடி வாங்கித் துடைத்து அடுக்கியவர்கள் நாங்கள். உண்மையான வண்டி வந்தபோது அதன் வழியை மறித்து நின்றதும் எங்கள் வண்டியே. மறுநாளே ஸ்கூட்டர் வேறிடம் சென்றது. சுண்டல் வாங்க வந்த தாய்மார்கள் அந்தக் கோலமாவுச் சந்தைக் குனிந்து பார்த்தார்கள். எவரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விசயதசமிக்குள் மேலும் நான்கு வண்டிகள் சந்தைவிட்டு நகர்ந்தன. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. சில மாதங்களில் இரண்டு வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. ஆகவே ஆண்டுதோறும் எங்கள் கொலுவில் அந்தச் சந்து இடம்பெறுகிறது.

இது ஒரு சந்தின் கதை மட்டுமன்று. 2010 மார்ச் 23-இல் பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட் மாளிகை எரிந்து 43 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9-இன் வைகறையில், நமக்கு அண்மையிலுள்ள தாகுரியாவில், மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் எழுந்த தீயின் புகை மேல்தளங்களில் துயின்ற நோயாளிகளைச் சூழ்ந்தது; ஏறத்தாழ 90 உயிர்கள் போயின. நம் தாயகத்தில் 2004 சூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிஞ்சுகள் கருகியதை எந்தத் தமிழ் நெஞ்சம் மறக்கும்? பொம்மை வாங்க நாம் பிள்ளைகளோடு செல்லும் நியூ மார்க்கெட்டின் ஒரு பகுதியே 1985-இல் எரிந்து போயிற்று.

மாதிரி ஏணி வண்டி மற்றொன்றையும் கற்பிக்கிறது. முப்பது மீட்டர் ஏணி 50-இல் ஒரு பங்கில் அறுபது சென்டிமீட்டர். மாடி ஒன்றுக்கு ஆறு சென்டிமீட்டராக அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் ஏணி பத்து மாடிகளின் உச்சியை எட்டாது. நீரின் கணக்கும் அத்தகையதே. 4500 லிட்டர் சுமந்து வரும் வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சும் ஒரே குழாய்க்குப் பத்து நிமிடமே ஈடுகொடுக்கும். பிறகு வேறு நீர் வேண்டும். நம் நகரத்தில் தெருவைக் கழுவவும் தீயை அணைக்கவும் வடிகட்டாத கங்கை நீர் தனிக்குழாயில் வருகிறது. அந்தக் குழாய்முனை எங்குள்ளது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன்மேல் குப்பை குவிந்திருக்கிறதா என்று எவரேனும் பார்த்ததுண்டா? வண்டி வந்தால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணுகிறோம். அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு அப்பால் நம் கடமை தொடங்குகிறது.

வண்டிக்குள் அமர்ந்திருக்கும் மனிதர்களையும் நினைக்க வேண்டும். நம் மாதிரி வண்டிகளில் அவர்கள் மிகச் சிறியவர்களாகவே இருக்கிறார்கள். பல வண்டிகளில் இருக்கைகள் காலி. உண்மையில் அவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினர். 2021 மார்ச் 8-ஆம் நாள் மாலை ஸ்டிராண்டு சாலையில் இரயில்வே அலுவலக மாளிகையின் மேல்தளத்தில் தீப்பற்றியது. அங்கே மாண்ட ஒன்பது பேருள் நால்வர் தீயணைப்பு வீரர்கள். மேலே செல்ல அவர்கள் ஏறிய மின்தூக்கியே அவர்களுக்குப் பொறியாகிவிட்டது. தீ நேரத்தில் மின்தூக்கியில் ஏறாதே என்னும் பாடம் பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. பிறரைக் காக்கும் விரைவு அறிந்தவரையும் மறக்கச் செய்கிறது.

இறுதியாக ஒரு நாளை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் போர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பல் நின்றது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1400 டன் வெடிமருந்து; அதனோடு பஞ்சுப் பொதிகள். கப்பலுக்குள் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் அருகே நின்று நீரைப் பாய்ச்சினார்கள். மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அன்று மாண்ட நூற்றுக்கணக்கானோருள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகவே நாடெங்கும் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாகப் போற்றப்படுகிறது.

ஏப்ரல் 14 நமக்கு எந்த நாள்? தமிழ்ப் புத்தாண்டு நாள்! மாக்கோலமிட்டு, மாங்காய்ப் பச்சடி செய்து, வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்து உண்ணும் நாள். பெரும்பாலும் மறுநாள் நம் வங்க உடன்பிறப்புகள் பொய்லா பொய்சாக் கொண்டாடுகிறார்கள். இனிப்போடு கசப்பும் கலந்து உண்ண வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த அந்நாளிலேயே இந்நினைவும் அமைந்துவிட்டது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. வருகின்ற புத்தாண்டு நாளில் வாசலில் கோலமிட்ட கையோடு நம் மாடிப்படிகளை ஒருமுறை பாருங்கள். பழைய மிதிவண்டி, உடைந்த நாற்காலி, செருப்பு அலமாரி ஆகியவற்றுள் எது அங்கே நின்றாலும் அப்புறப்படுத்துங்கள். மொட்டைமாடிக் கதவின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்று கேட்டு அறியுங்கள். நம் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்று, அந்த வீரர்களுக்கு ஒரு தட்டு இனிப்பு வழங்குங்கள். பழைய கம்பங்கள் எங்கேனும் கண்ணில் பட்டால், தொலைபேசி அரிதாக இருந்த நாட்களில் தீ வந்ததை அறிவிக்க நின்ற செந்நிறத் தூண்கள் இவையே என்று காட்டுங்கள்.

பின்னர், இயன்றவர்கள் ஒரு சிறு தீயணைப்பு வண்டியும் வாங்குங்கள். விலையுயர்ந்தது வேண்டா, அளவு பிழையாதது வேண்டும். அதைக் கொலுவில் நிறுத்தி, அதற்கு முன் உங்கள் தெருவைக் கோலமாவால் வரையுங்கள். வண்டி உங்கள் வாயில்வரை வருகிறதா என்று உங்கள் குழந்தையே உருட்டிப் பார்த்துச் சொல்லட்டும். வாராவிடில் எதை நகர்த்த வேண்டும் என்பதையும் அக்குழந்தையே காட்டும். அது காட்டும் பொருள் நம்முடையதாக இருந்தால் நாணாமல் நகர்த்துவோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க நம்மை வாழவைக்கும் வங்கத் திருநாடு!